மேக்கணக்கு வண்டி

மோகனராஜுக்கு வேண்டியிருந்ததெல்லாம் ஒரு சின்ன ஸ்கூட்டி. சீட்டுக்கு அடியில் பெட்டி இருக்கும். ஹோட்டல் உடுப்பை மடித்து அதற்குள் வைத்தால் மழையில் நனையாது. விடியக்காலையில் பட்டனை அமுக்கினால் கிளம்பிவிடும். அதற்கு மேல் அவன் ஆசைப்படவில்லை. ஆனால் கலஹாவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவான மேக்கணக்கு லயத்தில் குடியிருந்துகொண்டு, தனக்குப் பிடித்த வண்டியைத் தானே போய் வாங்கிவிடலாம் என்று நினைத்தான் பாருங்கள், அங்கேதான் எல்லாம் பிசகிப்போனது.

கண்டி வாவிக்கு மேலே ஒரு ஹோட்டலில் அப்பம் சுடுகிற வேலை அவனுக்கு. ஆறு அடுப்பு, ஆறு தாச்சி. முதல் நாளே கரைத்து வைத்த மா பொங்கி நிற்கும். அதில் தேங்காய்ப்பாலை விட்டுக் கலக்கி, ஒரு கரண்டி வார்த்து, தாச்சியைத் தூக்கி ஒரு சுழற்று சுழற்றவேண்டும். ஓரம் முறுகி, நடு மெத்தென்று இருக்கவேண்டும். வெள்ளைக்காரர்கள் சாப்பிடுவதை விட்டுவிட்டு அந்தச் சுழற்றைத்தான் போனில் படம் எடுப்பார்கள். ஆறரைக்கெல்லாம் தட்டோடு வந்து வரிசையில் நின்றுவிடுவார்கள். மேக்கணக்கிலிருந்து முதல் பஸ் கிளம்புகிற நேரத்தில் அங்கே முதல் அப்பம் வெந்திருக்கவேண்டும்.

கொஞ்ச நாள் ஹோட்டல் ஸ்டோரில், மா மூட்டைகளுக்குப் பக்கத்தில் படுத்துச் சமாளித்தான். பிறகு மேனேஜர் அதையும் கூடாது என்றுவிட்டார். நேரத்துக்கு வந்தால் வேலை நிரந்தரம், வராவிட்டால் வேறு ஆள் என்று அங்கே பெரிய குசினிக்காரராக இருக்கிற ஜயந்த முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். வேலை நிரந்தரமானால் சர்மிளா கொழுந்துக் கூடையை இறக்கி வைக்கலாம். அவளுக்கு முதுகெலும்பில் தேய்மானம், பாரம் தூக்கவே கூடாது என்று பேராதனை ஆஸ்பத்திரியில் சொல்லி ஒரு வருசமாகிறது. சொன்ன மறுநாளே கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்குப் போனவள் அவள். வேறு என்ன செய்வாள்? ஆக வண்டி வாங்குவது வீட்டில் முடிவாகிவிட்டது.

புது வண்டி கப்பலில் வராமல் நின்றிருந்த காலம் அது. பழைய வண்டிக்கு அக்குறணையில் பவாஸ் நானாவின் கடைதான் என்றார்கள். மோகனராஜ் தனியாகத்தான் கிளம்பினான். பஸ் ஏறும்போது பார்த்தால் பின்னாலேயே மூன்று பேர். மாமனார் சின்னமுத்து வேட்டி கட்டி, மேலே கோட்டும் போட்டிருந்தார். சங்கத் தலைவர் இராமையா குடையோடு நின்றார். கோயிலுக்கும் கல்யாண வீட்டுக்கும் ஸ்பீக்கர் கட்டுகிற கணேஸ், தலைக்கு ஜெல் போட்டுச் சீவியிருந்தான்.

"ஒத்தையா போனா ஏமாத்திப்புடுவாங்க மாப்புள" என்றார் சின்னமுத்து.

அக்குறணையில் பவாஸ் நானா முன்னால் வந்தார். "வாங்க வாங்க. ஓட்டப் போறது ஆரு?"

மோகனராஜ் வாயைத் திறப்பதற்குள் "நாங்கதான்" என்றார் இராமையா.

ஓரத்தில் நீல நிறத்தில் ஒரு ஸ்கூட்டி நின்றது. மோகனராஜ் அதன் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தான். அவ்வளவுதான்.

"டயரப் பாரு, சின்னப்புள்ள வண்டி டயரு!" என்றார் இராமையா. "நம்ம ரோட்டுக் குழியில விழுந்தா வண்டிய தேடித்தான் எடுக்கணும்."

"காரியர் எங்க மாப்புள? பின்னால ஒரு சாமான் வச்சுக் கட்ட முடியுமா இதுல?"

"எனக்கு என்னா மாமா சாமான்? ஒரு உடுப்புப் பை."

"இன்னிக்கு உடுப்புப் பை. நாளைக்கு?"

கணேஸ் ஒவ்வொரு வண்டியாகக் குந்தியிருந்து பார்த்தான். "ரெண்டு சைடுலயும் இரும்பு கார்டு உள்ளதா எடுங்கண்ணே. விழுந்தா கால காப்பாத்தும். டேங்கும் கொஞ்சம் அகலமா இருக்கணும்."

"டேங்கு எதுக்குடா அகலமா?"

"ஒரு பார்வைக்குத்தான்."

இராமையா ஒரு கறுப்பு வண்டியின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, முன்னால் மோகனராஜை உட்காரச் சொன்னார். பின்பக்கத்தை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்துவிட்டு, "இதுதான் சீட்டு" என்றார். நீளச் சீட்டு, இரும்புக் காரியர், இரண்டு பக்கமும் கார்டு, கியர். பட்டன் வேலை செய்யாது, உதைத்துத்தான் கிளப்பவேண்டும். மூன்று பேருக்கும் அது ஒரே மூச்சில் பிடித்துப்போனது. அதுவரைக்கும் எந்தக் காரியத்திலும் அந்த மூன்று பேரும் ஒத்துப்போய் மோகனராஜ் கண்டதில்லை.

பவாஸ் நானா அவனைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, எனக்கு விக்கிறது வேல. ஆனாலும் ஒங்களுக்கு ஒரு வார்த்த செல்லாம ஈக்க ஏலாது. ஒங்கட கண்ணு அந்த ஸ்கூட்டியில ஈக்கிது. எனத்துக்கு இத எடுக்கிறீங்க?"

"அவங்க என் நல்லதுக்குத்தான நானா சொல்றாங்க" என்றான் மோகனராஜ். அவன் அப்படித்தான். அவனை வைத்துக்கொண்டு சர்மிளா படுகிற பாடு அவளுக்குத்தான் தெரியும்.

சாயந்தரம் வண்டி லயத்து வாசலில் வந்து நின்றபோது சர்மிளா கொழுந்து நிறுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள்.

"ஸ்கூட்டி எடுக்கப் போறேன்னு சொன்னீங்க?"

"ஸ்கூட்டி நம்ம ரோட்டுக்கு சரிவராதாம்."

"யாரு சொன்னா?"

"எல்லாரும்."

"எல்லாருமா அப்பம் சுடப் போறாங்க?"

அவன் டயருக்கு அடியில் வைக்க எலுமிச்சம்பழம் தேடப் போனான்.

முதல் வாரத்திலேயே அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மாமனார் வளர்க்கிற மாட்டின் பால் கேன் அந்தக் காரியரில் அளவெடுத்ததைப் போல உட்கார்ந்தது. கணேஸின் இரண்டு புனல் ஸ்பீக்கரும் இரண்டு கார்டிலும் ஒவ்வொன்றாகத் தொங்கின. அகல டேங்கின் மேலே ஆம்ப்ளிபயர் ஏறியது. இராமையா நீளச் சீட்டில் குடையை மடியில் வைத்துக்கொண்டு, மோகனராஜை ஓட்டச் சொல்லிச் சங்கக் கூட்டத்துக்குப் போனார். அக்குறணையில் ஒவ்வொருத்தரும் அவரவர் வண்டியைத்தான் தெரிவு செய்திருக்கிறார்கள். பெட்ரோலுக்குக் காசு கொடுத்து எண்ணெய் அடிப்பதற்கு மட்டும்தான் மோகனராஜ்.

அவர்களோடு போயிருந்தால் பரவாயில்லை. லயத்துக் கோடியில், தொங்கல் காம்பராவில் சமையல் கேஸ் முடிந்தால் வண்டி. யாருக்காவது காய்ச்சல் என்றால் வண்டி. கோழித் தீனிக்கு வண்டி, பூசாரியைக் கூட்டிவர வண்டி, பெண் பார்க்க வருகிறவர்களுக்கு வழி காட்ட முன்னால் ஓட வண்டி. "மோகன், வண்டி சும்மாதான நிக்கிது?" என்று கேட்பார்கள். வேலை முடிந்து வந்து நிற்கிற வண்டி சும்மாதான் நிற்கும், பிறகு பாட்டா பாடும்? ஆனால் அவன் அப்படிக் கேட்கமாட்டான். சாவியை எடுத்து நீட்டிவிடுவான். வண்டி சேறும் கோழி இறகுமாகத் திரும்பி வரும். ஒருநாள் ஒரு கண்ணாடி இல்லாமல் வந்தது. யார் உடைத்தது என்று கேட்டதற்கு, "கண்ணாடியா, அது இருந்திச்சா?" என்று லயமே ஆச்சரியப்பட்டது.

ஒரு விடியக்காலை பின்டயரில் காற்றே இல்லை. முந்தின நாள் எடுத்துப்போனவர் ஆணி ஏறியதைச் சொல்ல மறந்துவிட்டார். இன்னொரு நாள் பாதிவழியில் கிளச் வயர் அறுந்தது. இரண்டு தடவையும் அவன் போய்ச் சேரும்போது அடுப்புகள் அணைந்து கிடந்தன, அப்பத்துக்குப் பதிலாக ஜயந்த பாண் துண்டுகளை வாட்டிக்கொண்டிருந்தார்.

"மோகன் மல்லி, இன்னும் ஒரு தடவ. அதுக்குப் பெறகு நான் பேச மாட்டேன், மேனேஜர்தான் பேசுவார். ஹரித? சரியா, தம்பி?" என்றார் அவர்.

அன்றைக்கு ராத்திரி ரொட்டியும் சம்பலும் சாப்பிடும்போது சர்மிளா பிடித்துக்கொண்டாள்.

"வாயத் தொறந்து ‘குடுக்க முடியாது’ன்னு ஒரே ஒரு தடவ சொல்லிப் பாருங்க. வாய் வெந்தா போயிரும்?"

"அம்மா செத்தப்ப அந்த மழையில பெட்டியத் தூக்கிட்டு எறங்குனது யாரு? இவங்கதான?"

"அதுக்கு? தூக்குனவங்கள எல்லாம் காலம் பூரா நீங்க தூக்கிட்டுத் திரிவீங்களா? என் முதுக யாரு தூக்குறது?" அவள் தட்டைத் தள்ளிவைத்தாள். "கூடைக் கயிறு இழுத்து இழுத்து இங்க தல மரத்துப் போகுது. மாசக் கடைசியில ஒங்களுக்கு வேல நிரந்தரம்னு லெட்டர் குடுப்பாங்க, கூடைய எறக்கிரலாம்னு நெனச்சுக்கிட்டு ஒவ்வொரு நாளா தள்ளுறேன். நீங்க என்னான்னா, ஊருக்கு பஸ் விடுறீங்க."

அன்றுதான் அவன் ஒரு முடிவுக்கு வந்தான்.

மறுநாள் சாயந்தரம் இராமையா வந்தார். "மோகன், ஒரு எட்டு கலஹாவுக்கு…"

"இல்ல தலைவரே. வண்டி இனிமே வேலைக்கு மட்டுந்தான்." சொல்லும்போது அவன் தலைவரின் குடையைத்தான் பார்த்தான்.

இராமையா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். "நல்லது, நல்லது. வேலதான் முக்கியம்" என்று சொல்லிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு மெதுவாக, மிகமெதுவாக, எல்லா வாசலிலும் தெரியும்படி நடந்து போனார். சின்னமுத்து பால் கேனைத் தலையில் வைத்துக்கொண்டு, மகள் வீட்டைத் தாண்டும்போது மட்டும் இருமினார். கணேஸ் ஸ்பீக்கர்களை ஆட்டோவில் ஏற்றும்போது, "பரவாயில்லண்ணே, நீங்க கவலப்படாதீங்க" என்றான். ஒருத்தரும் வண்டி கேட்கவில்லை. வண்டி இருக்கிற பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மோகனராஜுக்குத் தின்ற சோறு இறங்கவில்லை.

ஆனால் நேரத்துக்குப் போனான். அது உண்மை. இருட்டில் பனியைக் கிழித்துக்கொண்டு, தேயிலைக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கி, பேராதனைப் பாலத்தைத் தாண்டும்போது கிழக்கு வெளுக்கும். தினமும் ஆறு அடுப்பையும் அவனே பற்றவைத்தான். வெள்ளிக்கிழமை லெட்டர் வருகிறது என்று ஜயந்த காதோடு சொன்னார். சர்மிளா கூடையை எங்கே மாட்டிவைப்பது என்று சுவரில் இடம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம்தான் அம்மன் திருவிழா. வியாழக்கிழமை காற்றும் மழையுமாக அடித்து, எங்கேயோ மரம் விழுந்து, கரண்ட் போய்விட்டது. மோகனராஜ் வண்டியை, தோட்டத்துக் குழந்தைகளை விடுகிற பிள்ளைக் காம்பராவின் தகரக் கூரைக்கு அடியில் நிறுத்திவிட்டு, நேரத்தோடு படுத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை விடியக்காலை, உதைத்தான். இருமியது. உதைத்தான். அதுவும் இல்லை. இருபது உதைக்குப் பிறகு டார்ச்சை அடித்துப் பார்த்தால், டேங்கிலிருந்து கார்ப்ரேட்டருக்குப் போகிற டியூப் கழன்று தொங்குகிறது. டேங்கில் ஒரு சொட்டுப் பெட்ரோல் இல்லை. கோயில் பக்கத்திலிருந்து ஜெனரேட்டர் கடகடவென்று ஓடுகிற சத்தம் வந்தது. அம்மன் வாசலில் சிவப்பும் பச்சையுமாகச் சீரியல் பல்ப் மினுங்கிக்கொண்டிருந்தது. அவன் பெட்ரோலில் அம்மன் ஜெகஜோதியாக இருந்தாள்.

திட்டக்கூட நேரமில்லை. டியூப்பை மாட்டி, வண்டியை உருட்டிக்கொண்டு ஓடி ஏறினான். கலஹா வரைக்கும் இறக்கம், எஞ்சின் இல்லாமலே இறங்கியது. ஏற்றம் வந்த இடத்திலெல்லாம் குதித்துத் தள்ளினான். கலஹாவில் எண்ணெய்க் கடை திறக்கவில்லை. ஒரு ஆட்டோக்காரரின் கதவைத் தட்டி எழுப்பி, அவர் ஏச்சையும் வாங்கிக்கொண்டு, ஒரு போத்தல் பெட்ரோல் வாங்கி ஊற்றினான்.

ஹோட்டலுக்குள் நுழையும்போது அப்ப அடுப்பில் வேறு ஒரு பையன் நின்றான். அவன் சுடுகிற அப்பம் தாச்சியை விட்டு வரமாட்டேன் என்று ஒட்டிக்கொண்டிருந்தது. வெள்ளைக்காரர்கள் அதையும் படம் எடுத்தார்கள். மேனேஜர் நீளமாகப் பேசவில்லை. கணக்கு முடித்து அனுப்பச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஜயந்ததான் பின்வாசல் வரைக்கும் வந்தார். அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. "நான் என்னா செய்ய மல்லி? கேளு. பேராதெனியில என் மச்சான் கெஸ்ட் ஹவுஸ் போடுறான். அப்பத்துக்கு ஆள் தேடுறான். கொழும்பு போயிருக்கான், சாயங்காலம்தான் வருவான். ஏழு மணிக்குள்ள போய் அவனப் பாரு. நாளைக்குக் காலையில இன்னொருத்தன் வர்றான், அதனால இன்னிக்கே பாக்கணும். ஹெல்த் கார்டு, சேர்டிபிகேட் எல்லாம் எடுத்துட்டுப் போ. லேட்டாப் போகாத. அவன் என்ன மாதிரி இல்ல."

சேர்டிபிகேட்டெல்லாம் வீட்டில் அலுமாரிக்குள் இருந்தது. கணக்கு முடித்துக் காசைக் கொடுப்பதற்கே சாயந்தரமாக்கிவிட்டார்கள், பிறகுதான் மோகனராஜ் திரும்பி வந்தான். வழியெல்லாம் லயத்தார் ஒவ்வொருத்தரையும் நிறுத்திவைத்து மனதுக்குள் ஏசினான். கடைசி பஸ் போய்விட்ட நேரத்தில் மேக்கணக்குக்கு வந்து சேர்ந்தான். கோயில் வாசலில் பொங்கல் கிளறிக்கொண்டிருந்தார்கள். கரண்ட் இன்னும் வரவில்லை.

"வா மோகன், நல்ல நேரத்துல வந்த" என்றார் இராமையா, ஒன்றுமே நடக்காததைப் போல. "ராத்திரி எண்ண கொஞ்சம் எடுத்தோம். சாமி காரியம். நீ தூங்கிட்டு இருந்த, வேலைக்குப் போற மனுசன எழுப்ப வேணாம்னு விட்டுட்டோம். விடிஞ்சதும் ஊத்திரலாம்னு பாத்தா நீ அதுக்குள்ள கெளம்பிட்ட."

"வேல போச்சு தலைவரே."

பொங்கல் கிளறிய கை நின்றது. சர்மிளா பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து வந்தாள். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்ததும் மோகனராஜுக்கு எல்லாம் பொங்கிவிட்டது.

"ஒங்களாலதான் போச்சு! ஒங்க சாமியால, ஒங்க பால் கேனால, ஒங்க ஸ்பீக்கரால! இன்னிக்கு லெட்டர் குடுக்க இருந்தாங்க. இவ கூடைய எறக்கி வைக்க இருந்தா. மனுசன்னு ஒருத்தன் காலையில எழும்பி வேலைக்குப் போகணும், அவனுக்கு ஒரு வண்டி வேணும்னு ஒங்க யாருக்காச்சும் ஒரு நிமிசம் தோணுச்சா?"

சின்னமுத்து தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு, ஆறுதலாக ஏதாவது சொல்லவேண்டும் என்று நினைத்திருக்கவேண்டும் அந்த மனுசன்.

"விடுங்க மாப்புள. வேற வேல வராமயா போகும்? அதுவரைக்கும் வண்டியும் பகல்ல சும்மா வீட்டுலதான நிக்கும். அதுவும் ஒரு ஒதவிதான்."

மோகனராஜ் வண்டியிலிருந்து சாவியை உருவினான். கையை ஓங்கி, தேயிலைக்குள் வீசி எறிந்தான். அது எங்கே விழுந்தது என்றுகூடத் தெரியவில்லை. அந்தச் சரிவு முழுக்கத் தேயிலை, அதற்குக் கீழே இருட்டிக்கொண்டு வருகிற பள்ளம்.

"இப்ப எடுங்க வண்டிய! எடுங்க பாப்போம்!"

எறிந்த பிறகுதான் அவனுக்கு ஏழு மணி ஞாபகம் வந்தது. பேராதனை ஞாபகம் வந்தது. "ஐயோ" என்று தலையில் கையை வைத்துக்கொண்டு அங்கேயே குந்திவிட்டான். "சர்மி, நான் போகணும். இன்னிக்கே ஒருத்தரப் பாக்கணும். அங்க ஒரு வேல இருக்கு. ஏழு மணிக்குள்ள போகணும்."

"போகணும்னா எதுக்குங்க சாவிய எறிஞ்சீங்க!" சர்மிளாவுக்கு அழுகை வந்துவிட்டது.

கணேஸ் முன்னால் வந்தான். அவன் முகத்தில் கள்ளமே இல்லை. "அண்ணே, எதுக்கு இப்படி கவலப்படுறீங்க? எங்கிட்ட ஒன்னு இருக்கு" என்று காற்சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்தான்.

மோகனராஜ் நிமிர்ந்து பார்த்தான்.

"எங்கிட்டயும் இருக்கு" என்றார் இராமையா, சட்டைப் பையைத் தடவிக்கொண்டே. சின்னமுத்து அரைஞாண் கயிற்றில் முடிந்திருந்ததை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"எப்ப அடிச்சீங்க?" என்று கேட்டது சர்மிளா.

"வாங்குன அன்னிக்கேதான்" என்றார் இராமையா. "இவரு உள்ள கையெழுத்து வச்சுக்கிட்டு இருந்தாரு. பக்கத்துலயே சாவி அடிக்கிற கட. ஒரு அவசரத்துக்கு இருக்கட்டும்னு ஆளுக்கு ஒன்னு அடிச்சோம்."

"அப்ப இவ்வளவு நாளா…" என்றான் மோகனராஜ்.

"என்னா இவ்வளவு நாளா?" இராமையாவுக்கு இப்போதுதான் கோபம் வந்தது, மரியாதையுள்ள மனுசனுக்கு வருகிற கோபம். "சாவிய பாக்கெட்டுல வச்சுக்கிட்டே ஒவ்வொரு தடவையும் ஒன் வாசல்ல வந்து நின்னு கேட்டுத்தான எடுத்தோம்? நீ குடுக்க முடியாதுன்னு சொன்னதுக்குப் பெறகு யாராச்சும் தொட்டோமா? நேத்து ராத்திரிகூட டேங்க தொறந்து எடுத்திருக்கலாம். ஒங்கிட்ட கேக்காம சாவி போட மனசு வரல. அதனாலதான் டியூப்ப கழட்டுனோம்."

சர்மிளா அப்பாவைப் பார்த்தாள். தலைவரைப் பார்த்தாள். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு வீட்டுக்கு ஓடிப்போய் சேர்டிபிகேட் உறையை எடுத்துவந்து அவன் கையில் திணித்தாள். "எந்திரிங்க. நேரத்தப் பாருங்க. பெறகு வந்து சண்ட போடலாம்."

மோகனராஜ் எழுந்தான். உறையைச் சட்டைக்குள் செருகினான். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, கணேஸின் முன்னால் போய்க் கையை நீட்டினான்.

"சாவியக் குடு தம்பி. பேராதனைக்கு ஒருக்கா போயிட்டு வந்துர்றேன்."

கணேஸ் கொஞ்சம் யோசித்தான். பிறகு சாவியை அவன் உள்ளங்கையில் வைத்தான்.

"கொண்டு போங்கண்ணே. ஆனா வரும்போது எண்ண கொஞ்சம் ஊத்திட்டு வாங்க, ராத்திரி ஜெனரேட்டருக்கு வேணும்."